ரெக்ரூட்டரோடு சேர்ந்து இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி? டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, பக்கத்தில் திருச்சி என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். போனிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் பார்த்தால் போதும். முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ரெக்ரூட்டர் என்பவர் யார்? அவர் எனக்காக வேலை செய்கிறாரா, கம்பெனிக்காகவா?

வேலை விஷயமாக உங்களுக்கு இரண்டு வகை ஆட்கள் போன் செய்வார்கள். ஒருவர் கம்பெனியிலேயே சம்பளம் வாங்கும் எச்.ஆர். இன்னொருவர் வெளியே கன்சல்டன்சியில் இருந்துகொண்டு, கம்பெனி கேட்கும் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். இந்த இரண்டாமவருக்குக் கூலி கொடுப்பது கம்பெனிதான். நீங்கள் சேர்ந்த பிறகு உங்கள் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது நம் நாட்டில் பரவலாக இருக்கும் கணக்கு. பெரிய பதவி என்றால் கூடும். 90 நாளுக்குள் நீங்கள் வேலையை விட்டுவிட்டால் வேறு ஆள் தர வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிற மாதிரி ஒப்பந்தமும் பெரும்பாலும் இருக்கும்.

ஆக, அவர் கம்பெனி பக்கத்து ஆள்தான். ஆனால் நீங்கள் தேறினால்தான் அவருக்குக் காசு. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் அக்கறையும் அவர் அக்கறையும் ஒன்று. அதே வேலைக்கு உங்களுக்கு முன்னால் நாலைந்து பேரை அனுப்பியிருப்பார். யார் எந்த ரவுண்டில் விழுந்தார்கள், எந்தக் கேள்வியில் திணறினார்கள், அந்த மேனேஜருக்கு எது பிடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத தகவல் இது. கேட்டால் சொல்வார். நம் பிள்ளைகளுக்கு வேலை தெரிந்திருக்கிறது, கேட்கத்தான் கூச்சம். கீழே இருக்கும் பதில்களில் பாதி, எதை, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியதுதான்.

பணம் கட்டச் சொன்னால்?

உள்நாட்டு வேலைக்கு உங்களிடம் பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. மார்க் ஷீட் ஒரிஜினலையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுக்க ஜெராக்ஸ் போதும். வெளிநாட்டு வேலைக்குக் கணக்கு வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முதல் போன் வரும்போது எப்படிப் பேச வேண்டும்?

அந்தப் போன்தான் முதல் ரவுண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "திருவாரூர், திருவாரூர்" என்று கண்டக்டர் கத்துவதற்கு நடுவே, "ஆ... சொல்லுங்க, யாரு?" என்று ஆரம்பித்தால் மறுமுனையில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். இரைச்சலில் மாட்டிக்கொண்டால், "மேடம், இப்போது வெளியில் இருக்கிறேன், நாலு மணிக்கு நானே கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு மணி என்றால் நாலு மணிக்குக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வேலை தேடும் காலத்தில் தெரியாத நம்பரை எடுக்காமல் விடக் கூடாது. காலர் ட்யூனில் ஓடும் பக்திப் பாட்டோ சினிமாப் பாட்டோ பெரிய விஷயமில்லை, ஆனால் அதையும் எடுத்துவிட்டால் நல்லது.

அப்புறம், எங்கே பதிவு செய்தோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "எந்தக் கம்பெனி? நான் அப்ளை பண்ணினேனா?" என்று அவரிடமே திருப்பிக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் வேலை விவரம். ஜே.டி. என்று சொல்வார்களே, அதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது பாதி மறந்துபோகும்.

அடுத்து இன்டர்வியூ எப்படி நடக்கும் என்பது. மொத்தம் எத்தனை ரவுண்டு, யார் எடுக்கிறார், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எழுத்துத் தேர்வு உண்டா, கணினியில் செய்துகாட்ட வேண்டுமா, நேரிலா வீடியோவிலா. இதெல்லாம் எல்லோரும் கேட்கிற கேள்விகள், தயங்க ஒன்றுமில்லை.

அதற்கும் மேலே சில கேள்விகள் உண்டு. நல்ல ரெக்ரூட்டர்கள் இவற்றுக்காகக் காத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. இந்த இடம் ஏன் காலி? ஆள் போய்விட்டதாலா, புதிதாக உருவாக்கிய இடமா? எவ்வளவு நாளாகக் காலியாக இருக்கிறது? ஏற்கெனவே போனவர்கள் எதில் விழுந்தார்கள்? என் ரெஸ்யூமில் அவர்களுக்கு எது பிடித்தது, எதைப் பார்த்து யோசித்தார்கள்?

ஒரு போன் பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள். திருச்சியில் ஒரு மருத்துவமனை பில்லிங் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

"சார், இதற்கு முன்னால் போனவர்கள் எதில் தவறினார்கள் என்று சொல்ல முடியுமா?"

"பொதுவாக நல்லாத்தான் பண்ணினாங்க. இன்சூரன்ஸ் பக்கம் கேட்டதும்தான் மூணு பேரும் நின்னுட்டாங்க."

"இன்சூரன்ஸில் எது சார்? முன் அனுமதி வாங்குவதா, க்ளெய்ம் நிராகரித்தால் என்ன செய்வது என்பதா?"

"நிராகரிப்புதான். ஏன் நிராகரிச்சாங்க, திரும்ப எப்படி அனுப்புவீங்கன்னு கேப்பாங்க."

பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் இன்று ராத்திரி எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. "ஆல் த பெஸ்ட்" என்று அவர் வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? தொந்தரவாக நினைப்பாரோ?

கேட்கலாம். "ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா சார்?" என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இன்டர்வியூ தேதி உறுதியான பிறகு கேட்பது முறை. அதற்கு முன்னால் கேட்டால் அவருக்கு உங்கள் மேல் நேரம் செலவிடக் காரணம் இருக்காது. தினமும் நாற்பது ஐம்பது பேரிடம் பேசுபவர்கள் அவர்கள், சிலர் முடியாது என்பார்கள். கோபப்பட வேண்டாம்.

ரெக்ரூட்டரால் செய்ய முடியாதது ஒன்றும் இருக்கிறது. தொழில்நுட்பக் கேள்விகளில் அவர் உங்களுக்கு உதவ மாட்டார். ஜாவா ஆகட்டும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஆகட்டும், அவருக்கு அதன் பெயர் தெரியும், உள்ளே தெரியாது. அதற்குக் காலேஜ் சீனியரைப் பிடியுங்கள். ரெக்ரூட்டரிடம் பயிற்சி எடுக்க வேண்டியது மூன்று விஷயங்கள்: உங்களைப் பற்றிச் சொல்வது, ஏன் மாறுகிறீர்கள் என்பது, சம்பளப் பேச்சு.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்னதான் சொல்வது?

இந்த ஒரு பதிலைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். நம் பக்கத்தில் வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: பெயர், ஊர், அப்பா பெயர், அப்பா விவசாயம், அம்மா இல்லத்தரசி, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பத்தாவதில் இத்தனை மார்க், பன்னிரண்டாவதில் இத்தனை, கிரிக்கெட் ஆடுவேன், பாட்டுக் கேட்பேன். காலேஜில் யாரோ எழுதிக் கொடுத்ததை ஊர் முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற விவரம் இது. கம்பெனிக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஒன்றரை நிமிடம் போதும். இப்போது என்ன செய்கிறீர்கள், எதில் கை தேர்ந்தவர், அதற்கு ஒரு சான்று, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள். இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து வந்த பி.காம். படித்த ஒரு பெண், திருச்சியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"நான் பி.காம். முடித்துவிட்டு, இரண்டு வருடமாக ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். பெரும்பாலும் டேலியில் எண்ட்ரி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல். உரக்கடை, அரிசி ஆலை, நகைக்கடை என்று பல வகைக் கணக்கு பார்த்திருக்கிறேன். அரிசி ஆலைக் கணக்கில் தவிடு, குருணை விற்பனையைச் சரக்கு இருப்போடு ஒத்துப் பார்ப்பதை நான்தான் செய்கிறேன். ஒரே நிறுவனத்தின் கணக்கை மாத முடிவு வரை முழுசாகப் பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

தவிடும் குருணையும் வந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த வரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், அடுத்த கேள்வியும் அதிலிருந்தே வரும். அந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியும். "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்" என்பதெல்லாம் எல்லா வாயிலும் வருவது. அதை எடுத்துவிடுங்கள்.

இதைப் போனில் பேசிப் பதிவு செய்து ரெக்ரூட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மாக் இன்டர்வியூவுக்கு நேரமில்லாதவர்கள்கூட ஒன்றரை நிமிட ஆடியோவைக் கேட்டு ஒரு வரி சொல்வார்கள்.

படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் வயலைப் பார்த்துக்கொண்டேன். அதை மறைக்கலாமா?

மறைக்க வேண்டாம். "சும்மா வீட்டில் இருந்தேன்" என்று சொல்லவும் வேண்டாம். டெல்டாவில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு இடைவெளி இருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் வெளிநாட்டில் இருப்பார். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று ஒருவர் வயலில் நின்றாக வேண்டும்.

கேட்பவருக்கு வயல் தெரியாது. அவருக்குப் புரிகிற மாதிரி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நடவுக்கு ஆள் கூப்பிட்டுக் கூலி கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். அறுவடை மிஷின் யாருக்கு எப்போது என்று பேசி முறை வாங்கியிருக்கிறீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் பிடித்துப் போட வரிசையில் நின்றிருக்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பினால், மழை வருமுன் எங்கே காயப்போடுவது, தார்ப்பாய் எங்கே வாடகைக்கு எடுப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்திருக்கிறீர்கள். கிடங்கு வேலைக்கோ, சரக்குப் போக்குவரத்து வேலைக்கோ, தொழிற்சாலை சூப்பர்வைசர் வேலைக்கோ இதைவிட நல்ல அனுபவம் ஒரு பிரெஷருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

இப்படிச் சொல்லலாம்: "படிப்பு முடிந்ததும் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது. மூன்று போகம் நான்தான் எங்கள் ஐந்து ஏக்கரைப் பார்த்தேன். ஆள் கூலி, இயந்திர வாடகை, விற்பனை எல்லாக் கணக்கும் என் கையில் இருந்தது. இப்போது அப்பா பழையபடி பார்க்கிறார், நான் முழு நேர வேலைக்குத் தயார்." கடைசி வாக்கியம் முக்கியம். திரும்ப நடவுக்குக் கிளம்பிவிடுவீர்களோ என்பதுதான் கம்பெனியின் உண்மையான பயம்.

இதை ரெக்ரூட்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்களை அனுப்பும்போதே அவர் கம்பெனியிடம் ஒரு வரி சொல்லி வைப்பார். முதல் முறையாக இன்டர்வியூ மேசையில் தெரியவரும் விஷயம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். அரியர் இருந்தாலும் அப்படித்தான். எத்தனை பேப்பர், எப்போது எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலம் வராது. என்ன செய்வது?

முதலில் இந்த வேலைக்கு ஆங்கிலம் எவ்வளவு வேண்டும் என்று ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலை வேறு, திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை வேறு. இரண்டாவதில் பல இடங்களில் இன்டர்வியூவே தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் நடக்கும். இதைக் கேட்காமலேயே பயந்துகொண்டு, இன்டர்வியூவுக்கே போகாமல் இருந்துவிடுபவர்கள் நிறைய.

ஆங்கிலம் வேண்டும் என்றால், நீங்கள் செய்த வேலையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள். உலக விஷயமெல்லாம் பேச வேண்டாம். புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்வதற்கு ஒரு வாக்கியம், யோசிக்க நேரம் கேட்பதற்கு ஒரு வாக்கியம், இரண்டையும் வாய்க்குப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிக்கினால், "ஒரு நிமிடம் தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்பது தப்பில்லை. மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

அரசு நடத்தும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. கல்லூரியில் இருப்பவர்கள் அதிலுள்ள பயிற்சிகளைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காமல், பேச்சுப் பயிற்சி இருந்தால் வாயைத் திறந்து பேசுங்கள்.

கிராமத்தில் இருக்கிறேன். வீடியோ இன்டர்வியூவுக்கு நெட் நிற்காதே?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வேதாரண்யம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் இன்டர்வியூ வந்தால் முந்தின நாளே பக்கத்து டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டையோ நண்பனின் அறையையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டு வேறு கம்பெனி சிம் வையுங்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று. பிரவுசிங் சென்டர் வேண்டாம், பின்னால் நாலு பேர் பேசுவார்கள்.

போனில் செய்வதாக இருந்தால் போனைக் கையில் பிடிக்காதீர்கள். கண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. ரெக்ரூட்டரின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். நெட் அறுந்தால் உடனே அவருக்குப் போன் போட்டால், அவர் இன்டர்வியூ எடுப்பவரிடம் சொல்லிப் பத்து நிமிடம் வாங்கித் தருவார். அறுந்த பிறகு சத்தமில்லாமல் இருந்துவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டால் பலன் இல்லை.

நேரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூப்பிடுகிறார்கள்.

சென்னைக்குத் தஞ்சாவூரிலிருந்து உழவன், மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் இரண்டும் இரவு வண்டிகள். பெங்களூருக்கு மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ். இவற்றில் போனால் காலையில் இறங்கிக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போக நேரம் இருக்கும். பொங்கல், தீபாவளி முடிந்த வாரம் டிக்கெட் கிடைக்காது. தேதி கொடுக்கும்போதே ரெக்ரூட்டரிடம் சொல்லி இரண்டு நாள் தள்ளிக் கேளுங்கள். முதல் ரவுண்டை வீடியோவில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பல கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும்.

"வெளியூர் வரத் தயாரா?" என்று கேட்டால் "எங்கே வேண்டுமானாலும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, ஆஃபர் வந்ததும் "வீட்டில் விட மாட்டேங்கிறாங்க" என்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ரெக்ரூட்டர்கள் நம் ஊர் ரெஸ்யூமைப் பார்த்துத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். வீட்டில் பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று ரெக்ரூட்டரே கேட்கிறார். உண்மையைச் சொல்வதா?

இப்போது வாங்குவதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மாத பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள், தெரிந்துவிடும். எதிர்பார்ப்பைச் சொல்வதற்கு முன், "இந்த இடத்துக்குக் கம்பெனி எவ்வளவு வைத்திருக்கிறது சார்?" என்று நீங்கள் கேளுங்கள். பலர் ஒரு வரம்பைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் சம்பளம் கூடினால் அவருடைய கூலியும் கூடும், அதனால் நியாயமான தொகைக்கு அவர் பேசிப் பார்ப்பார். ஆனால் ரொம்ப இழுத்து வேலையே கைநழுவுவதை அவர் விரும்ப மாட்டார். அந்த எல்லை வந்ததும் "இதுக்கு மேல கேக்காதீங்க" என்பார்.

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. அதுவும் கைக்கு வருவதும் ஒன்றில்லை. வருடம் 4,20,000 என்றால் மாதம் 35,000 என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 17,500 என்றும், பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடிக்கிறார்கள் என்றும் வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவீதம் என்று 842, இரண்டும் அந்த 35,000-க்குள்ளேயே இருக்கும். அதற்கப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். 1,800. கைக்கு வருவது சுமார் 30,500. இன்சூரன்ஸ், தொழில் வரி போனால் இன்னும் குறையும். வேரியபிள் என்று, வேலையின் பலனைப் பொறுத்துக் கொடுக்கும் ஒரு பகுதி இருந்தால் அது மாதா மாதம் வராது. டேக் ஹோம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னையில் அறை வாடகை கொடுக்கப்போவது அந்தத் தொகையிலிருந்துதான்.

வேலை பார்க்காத இடத்தில் பார்த்ததாக "எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்கிறார்களே?

வேண்டாம். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். நம்பரை வைத்து நீங்கள் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதைப் பின்னணிச் சரிபார்ப்பில் பார்த்துவிடுவார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வேலை போகும்.

இரண்டு கன்சல்டன்சி ஒரே கம்பெனிக்கு என் ரெஸ்யூமை அனுப்பலாமா?

கூடாது. இரண்டு இடத்திலிருந்து ஒரே பெயர் வந்தால் யாருக்குக் கூலி என்று சண்டை வரும், பல கம்பெனிகள் பெயரையே ஒதுக்கிவிடும். "என்னைக் கேட்காமல் எங்கும் அனுப்ப வேண்டாம்" என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எந்தக் கம்பெனிக்கு யார் வழியாகப் போனீர்கள் என்பதும் அந்த நோட்டில் இருக்கட்டும்.

அப்பா ரெக்ரூட்டரிடம் பேச வேண்டும் என்கிறார். கல்யாணம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

பெண் பிள்ளைகள் அதிகம் கேட்பது இது. அப்பாவின் கவலை நியாயம்தான்: ஹாஸ்டல் எங்கே, இரவு ஷிப்ட் உண்டா, கம்பெனி வண்டி வருமா. அந்தக் கேள்விகளை நீங்கள் கேட்டு அப்பாவிடம் பதில் சொல்லுங்கள். அப்பா நேரடியாகப் போன் செய்தால், முடிவெடுப்பது நீங்கள் இல்லை என்று ரெக்ரூட்டர் நினைத்துவிடுவார்.

இன்டர்வியூவில் கல்யாணம் எப்போது என்று கேட்பது முறையான கேள்வி இல்லை. ஆனால் கேட்கிறார்கள். "என் வேலைத் திட்டத்தில் இப்போதைக்கு எந்த மாற்றமும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்து, வேலைப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். அந்த மேனேஜருக்கு இப்படிக் கேட்கும் பழக்கம் உண்டா என்று ரெக்ரூட்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் திடுக்கிட வேண்டியதில்லை.

வளைகுடா, சிங்கப்பூர் வேலைக்கும் இதே முறைதானா?

இல்லை. இங்கே ஏஜென்ட் யார் என்று பார்ப்பதுதான் தயாரிப்பின் முதல் பாதி. 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உங்களிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். ரசீது கட்டாயம். லட்சக்கணக்கில் கேட்பவர், ரசீது தராதவர், "இப்போ விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்பவர், இந்த மூவரிடமும் பேச ஒன்றுமில்லை. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அந்த அனுமதியை வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் 1978 முதல் ஆள் அனுப்புகிறது. முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு என்றால் அங்குள்ள மனிதவள அமைச்சகம் வேலை அனுமதிக்கு முன்னொப்புதலாகத் தரும் ஐ.பி.ஏ. கடிதம் கையில் வராமல் கிளம்பக் கூடாது. அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் அதில் இருக்கும் தொகையும் ஒன்றா என்று பாருங்கள். அங்குள்ள ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம்.

இன்டர்வியூ என்று சொன்னாலும் கைவேலைக்காரர்களுக்கு நடப்பது டிரேட் டெஸ்ட், அதாவது வேலையைச் செய்துகாட்டும் தேர்வு. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை இருப்பதால் இந்தப் பக்கம் வெல்டர்கள் நிறைய. அவர்களுக்குச் சொல்வது இது: 6ஜி என்கிற நிலையில் ஒட்டச் சொன்னால் குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் கட்டி வைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்ப முடியாது, நீங்கள்தான் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். எந்த அளவுக் குழாய், என்ன உலோகம், ரூட்டை, அதாவது முதல் அடி ஒட்டை, டிக் வெல்டிங்கில் போட்டு மேலே ஆர்க் வெல்டிங்கா, முழுவதும் டிக்கா, எக்ஸ்ரே எடுப்பார்களா, நேரம் எவ்வளவு: இவ்வளவையும் முந்தின வாரமே ஏஜென்ட்டிடம் கேளுங்கள். கேட்ட அளவிலேயே ஒரு துண்டு குழாய் வாங்கித் தெரிந்த பட்டறையில் ஒட்டிப் பழகுங்கள். கூடவே வாய்ப் பரீட்சையும் இருக்கும். கடைசியாக எந்த வேலைத்தளத்தில் என்ன லைன் ஒட்டினீர்கள் என்பதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். கையில் வேலை இருந்தும் வாயில் வராமல் போனவர்கள் உண்டு.

ஊரை விட்டுப் போகாமல் வேலை இல்லையா?

முன்பைவிட இருக்கிறது. திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ பூங்கா திறந்தார்கள். மருத்துவமனைகள், தனியார் வங்கிகள், நுண்கடன் நிறுவனங்கள், வாகன ஷோரூம்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை கன்சல்டன்சி வழியாக வராது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வெள்ளிக்கிழமை முகாம்களுக்குப் போங்கள், அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் ரெக்ரூட்டர்தான். பயோடேட்டாவை நீட்டிவிட்டு நகராமல், மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.

இன்டர்வியூ முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. ரெக்ரூட்டர் போனை எடுக்க மாட்டேங்கிறார்.

பெரும்பாலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். சில நேரம் கம்பெனியே அவருக்குப் பதில் சொல்லியிருக்காது. முடித்துவிட்டு வந்த அன்றே, என்னென்ன கேட்டார்கள், எதில் தடுமாறினீர்கள் என்று அவருக்கு நாலு வரி அனுப்பி வைத்திருந்தால், அவர் பதிலோடு திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அடுத்து அனுப்பப்போகும் ஆளுக்கு அந்தத் தகவல் அவருக்கு வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு மெசேஜ், அதற்கு மூன்று நாள் கழித்து ஒரு போன், அதற்கு மேல் துரத்த வேண்டாம். கிடைக்கவில்லை என்று சொன்னால், "எதைச் சரிசெய்யலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார், அடுத்த வேலை வந்தால் கூப்பிடுங்கள்" என்று முடியுங்கள். இப்படிப் பேசியவரின் பெயர் அவர் போனில் இருக்கும்.

இரண்டு ஆஃபர் கையில் இருக்கிறது. ஒன்றை எப்படி விடுவது?

இரண்டு ரெக்ரூட்டர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேரும் நாள் காலையில் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்பவர்களின் பெயர் கன்சல்டன்சிகளுக்கு நடுவே சுற்றும். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். "வேறு இடத்தில் சேர முடிவு செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று மெயிலில் இரண்டு வரி போதும். பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்கிய பிறகு கிளம்புங்கள். 90 நாள் என்று இருந்தால், புதிய கம்பெனி அதுவரை காத்திருக்குமா, குறைத்துக் கேட்க வேண்டுமா என்பதை ஆஃபருக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே ரெக்ரூட்டர் வழியாகப் பேசி, மெயிலில் வாங்கி வையுங்கள்.